போன் நிறுவனங்களின் ஸ்கின்கள்: எதை ஏற்கலாம், எதை ஏற்க முடியாது

ஆண்ட்ராய்டு போன் வாங்குவோரில் ஒரு சாரார், கூகுள் கொடுப்பதை அப்படியே தரும் ‘ஸ்டாக்’ போன்தான் வேண்டும் என்பார்கள். தயாரிக்கும் நிறுவனம் மென்பொருளில் கை வைத்தாலே, அதாவது ‘ஸ்கின்’ எனப்படும் தன் மாற்றங்களை ஆண்ட்ராய்டின் மேல் ஏற்றினாலே, போன் கெட்டுவிடும் என்பது அவர்கள் கட்சி. இன்னொரு சாரார், நிறுவனம் சேர்த்துத் தரும் வசதிகளுக்காகவே ஒரே பிராண்டை விடாமல் வாங்குகிறவர்கள். சாம்சங்கின் ஒன் யுஐ, ஷாவ்மியின் ஹைப்பர்ஓஎஸ், ஒன்பிளஸின் ஆக்சிஜன்ஓஎஸ், மோட்டோரோலா தரும் ஏறக்குறைய மாற்றமில்லாத ஆண்ட்ராய்டு, கூகுளின் பிக்சல், நத்திங் ஓஎஸ் ஆகியவற்றை வெவ்வேறு காலங்களில் அன்றாடம் பயன்படுத்தியவன் என்ற முறையில், இவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும் மதிப்பாய்வாக இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிறுவனங்கள் மென்பொருளை மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றியதைப் போனின் ஆயுள் முழுக்கப் பராமரிக்கும் பொறுப்பையும் அவர்களே ஏற்க வேண்டும். வேண்டாதவர் அதை நீக்கிக்கொள்ளவும் விட வேண்டும். இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் இன்றைய ஸ்கின்களில் பெரும்பாலானவை பாதிதான் தேறுகின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். மாற்றமே இல்லாத ஆண்ட்ராய்டு என்று ஒன்று கடைக்கு வருவதே இல்லை. கூகுள் மூலநிரலாக வெளியிடும் ஆண்ட்ராய்டை அப்படியே ஒரு போனில் ஏற்றினால், அதில் பிளே ஸ்டோர் இராது, ஜிமெயிலும் மேப்ஸும் இரா; கூடவே வரும் கேமரா செயலியும் பெயருக்கு ஒன்றாகத்தான் இருக்கும். பிக்சலில் நாம் காண்பது, அந்த அடித்தளத்தின் மேல் கூகுள் தன்னுடைய லாஞ்சர் (முகப்புத் திரையைக் காட்டும் செயலி), டயலர், கேமரா எல்லாவற்றையும் ஏற்றிய வடிவம். அருகில் ஒலிக்கும் பாடலின் பெயரைக் கேட்காமலே லாக் ஸ்கிரீனில் காட்டும் வசதி 2017இல் பிக்சல் 2 போனோடு வந்தது; தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பைப் போனே எடுத்து, யார், எதற்காக என்று விசாரிக்கும் வசதி அடுத்த ஆண்டு வந்தது. இரண்டும் கூகுள் தன் போனை விற்பதற்காகச் செய்த மாற்றங்களே. அதே பிக்சலின் முகப்புத் திரையில் கூகுள் தேடல் பட்டி நெடுங்காலமாக நீக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேறொரு நிறுவனம் தன் செயலி ஒன்றை அப்படி முகப்பில் ஒட்டி வைத்திருந்தால் ஸ்டாக் அன்பர்கள் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

நிறுவனத்தின் சேர்க்கைகளை எடுத்துவிட்டு அதே போனை விற்றால் என்ன ஆகும் என்பதும் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்றுதான். 2013இல் சாம்சங் கேலக்ஸி எஸ்4, எச்டிசி ஒன் ஆகிய போன்கள், நிறுவனங்களின் ஸ்கின் இல்லாமல் ‘கூகுள் பிளே எடிஷன்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. மென்பொருள் ஆர்வலர்கள் கொண்டாடினார்கள். ஆனால் அந்த இரு போன்களிலும் டிவி, ஏசி முதலியவற்றை இயக்கும் அகச்சிவப்பு விளக்கு இருந்தது. அதை இயக்குவதற்கான பொது வழியை ஆண்ட்ராய்டு அப்போது கொண்டிருக்கவில்லை, 4.4 பதிப்பில்தான் அது வந்து சேர்ந்தது. நிறுவனத்தின் மென்பொருளை எடுத்ததும், காசு கொடுத்து வாங்கிய உறுப்பு ஒன்று உள்ளே வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தது. கேமரா செயலியிலும் சாம்சங்கும் எச்டிசியும் உழைத்துச் சேர்த்திருந்த படப்பிடிப்பு முறைகள் காணாமல் போயின. 2015இன் தொடக்கத்துக்குள் அந்தத் தொடர் விற்பனையிலிருந்து மறைந்தது.

அந்தச் சோதனை காட்டியதைத்தான் ஸ்கின்களுக்கான வலுவான வாதமாக நான் கருதுகிறேன். புதிய உறுப்பு எப்போதும் போனில்தான் முதலில் வருகிறது. பொது இயங்குதளம் பின்னால்தான் வரும். கைரேகை வாசிப்பானை எடுத்துக்கொண்டால், மோட்டோரோலா 2011இலேயே ஏட்ரிக்ஸ் போனில் அதை வைத்துவிட்டது, சாம்சங் 2014இல் கேலக்ஸி எஸ்5 போனில் வைத்தது. எல்லாச் செயலிகளும் அதைப் பயன்படுத்துவதற்கான பொது ஏற்பாடு 2015இல் ஆண்ட்ராய்டு 6.0 பதிப்போடுதான் வந்தது. மடக்கு போன் 2019இல் கேலக்ஸி ஃபோல்டாக விற்பனைக்கு வந்தது; பெரிய திரைகளுக்கென்றே கூகுள் தனியாகச் சீர்செய்த ஆண்ட்ராய்டு 12எல் 2022இல் வந்தது. இடைப்பட்ட காலத்தில், வெளித்திரையில் திறந்திருந்த செயலி போனை விரித்ததும் உள்திரையில் அதே இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பதையெல்லாம் சாம்சங்தான் தன் சொந்த மென்பொருளில் பார்த்துக்கொண்டது. எஸ் பென் போன்ற எழுதுகோலுக்கும் இதே கதைதான். வன்பொருளில் புதுமை வேண்டும், மென்பொருளை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று ஒரே மூச்சில் கேட்க முடியாது.

வன்பொருளோடு தொடர்பில்லாத வசதிகளிலும் ஸ்கின்கள் முன்னே போக, ஆண்ட்ராய்டு பின்னே வந்த கதைதான் அதிகம். அறிவிப்புத் திரையை இழுத்ததும் வைஃபை, ப்ளூடூத் பொத்தான்கள் தெரிவதை 2010இன் முதல் கேலக்ஸி எஸ் போனிலேயே பார்த்தோம்; கூகுள் அதை 4.2 பதிப்பில், 2012இல்தான் சேர்த்தது. திரையை இரண்டாகப் பிரித்து இரு செயலிகளை ஓட்டும் வசதி சாம்சங் நோட் வரிசையில் 2012இலேயே இருந்தது, பொது ஆண்ட்ராய்டுக்கு அது 2016இல் வந்தது. திரையைக் காணொளியாகப் பதிவு செய்வதும், நீண்ட பக்கத்தை ஒரே ஸ்கிரீன்ஷாட்டில் எடுப்பதும் ஸ்கின்களில் பல ஆண்டுகள் புழங்கிய பிறகே முறையே ஆண்ட்ராய்டு 11, 12 பதிப்புகளில் சேர்ந்தன. போனை மானிட்டரில் இணைத்துக் கணினிபோல் பயன்படுத்தும் டெக்ஸ் வசதியைச் சாம்சங் 2017இல் கொண்டுவந்தது; அதை அடித்தளமாகக் கொண்டு, சாம்சங்கோடு சேர்ந்தே ஆண்ட்ராய்டு 16இன் டெஸ்க்டாப் முறையை உருவாக்குவதாகக் கூகுள் 2025இல் அறிவித்தது. ஸ்டாக் ஆண்ட்ராய்டு இன்று இவ்வளவு வசதியாக இருப்பதற்கு, அதன் அன்பர்கள் வெறுக்கும் ஸ்கின்களே ஒரு காரணம் என்பது கொஞ்சம் வேடிக்கையான உண்மை.

இனி ஒன் யுஐயைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஸ்கின் என்பதன் நன்மையும் தீமையும் ஒரே இடத்தில் இவ்வளவு முழுமையாக வேறெங்கும் கிடைக்காது. 2018இன் இறுதியில் சாம்சங் இதை அறிவித்தபோது எடுத்த முக்கியமான முடிவு, தொட வேண்டியவற்றைத் திரையின் கீழ்ப்பாதிக்குக் கொண்டுவருவது. செட்டிங்ஸைத் திறந்தால் தலைப்பு மேலே பெரிய எழுத்தில், கணிசமான இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். பட்டியல் திரையின் நடுவிலிருந்து தொடங்கும். முதல் பார்வைக்கு இது இடத்தை வீணடிப்பதாகத் தோன்றும். போனை ஒரு கையில் பிடித்து, கட்டைவிரலை மட்டும் நகர்த்திப் பார்த்தால்தான் காரணம் விளங்கும்: பட்டியலின் முதல் வரியைத் தொடுவதற்குப் போனை உள்ளங்கையில் நழுவவிட்டு மேலே ஏற்றிப் பிடிக்க வேண்டியதில்லை. மேலே உருட்டத் தொடங்கியதும் தலைப்பு சுருங்கி ஒரு வரியாகிவிடும். இடமும் திரும்பக் கிடைத்துவிடும். திரைகள் ஆறங்குலத்தைத் தாண்டிய காலத்தில் பெரிய திரையைப் பிடித்திருக்கும் கையைப் பற்றி யோசித்து எடுத்த முடிவு இது. இதைப் பார்க்கும்போது, ஒன் யுஐக்கு முந்தைய டச்விஸ் ஸ்கின் காலத்து இரைச்சலான நிறங்களைத் தந்ததும் இதே நிறுவனம்தானா என்று தோன்றும்.

அடுத்தது குட் லாக். இது தனியாக இறக்கிக்கொள்ள வேண்டிய ஒரு செயலி. அதற்குள் தனித்தனித் துணைச் செயலிகளாக மாற்றங்கள் இருக்கின்றன. இதில் வரும் சவுண்ட் அசிஸ்டன்ட் மூலம் ஒவ்வொரு செயலிக்கும் ஒலி அளவைத் தனியாக வைக்கலாம். இதோடு ஒன் யுஐயிலேயே உள்ள வசதி ஒன்றையும் சேர்த்துக்கொண்டால், பாட்டுச் செயலியின் ஒலியை மட்டும் ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு அனுப்பிவிட்டு, மற்ற ஒலிகளைப் போனிலேயே வைத்துக்கொள்ளலாம். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கையில், யாரோ அனுப்பிய காணொளியைத் திறந்ததும் அதன் ஒலி ஸ்பீக்கரில் வெடிக்கும் சங்கடத்தை அனுபவித்தவருக்கு இதன் அருமை தெரியும். வேண்டாதவர் போனில் இது கிடையாது. வேண்டியவர் இறக்கிக்கொள்கிறார், வேண்டாம் என்றால் நீக்கிவிடுகிறார், போன் பழையபடி ஆகிவிடுகிறது. தயாரிப்பு நிறுவனம் தன் மென்பொருளைச் சேர்க்க வேண்டிய முறை இதுதான் என்பது என் எண்ணம்.

அதே போனில் முதல் நாள் செயலிப் பட்டியலைத் திறந்தால் மனம் மாறிவிடும். இரண்டு உலாவிகள், இரண்டு புகைப்படச் செயலிகள், இரண்டு செயலிக் கடைகள், இரண்டு உதவியாளர்கள். ஒன்று கூகுளுடையது, மற்றது சாம்சங்குடையது. கூகுளின் செயலிகளைச் சேர்த்தே தர வேண்டும் என்ற ஒப்பந்தக் கட்டாயம் ஒரு பக்கம், தன் சேவைகளையும் வளர்த்தாக வேண்டும் என்ற நிறுவனத்தின் ஆசை மறுபக்கம். நடுவில் அகப்பட்டவர் வாங்கியவர். (ஆண்ட்ராய்டு தொடர்பான ஒப்பந்தக் கட்டுப்பாடுகளுக்காகவே ஐரோப்பிய ஆணையம் 2018இல் கூகுளுக்கு 434 கோடி யூரோ அபராதம் விதித்தது, பின்னர் நீதிமன்றம் அதைச் சற்றுக் குறைத்தது.) இடப் பிரச்சினையும் பழையதே. 2013இல் 16 ஜிபி என்று விற்கப்பட்ட கேலக்ஸி எஸ்4 போனில் பயன்படுத்துபவருக்கு மிஞ்சியது ஏறத்தாழ 9 ஜிபிதான். இன்று சேமிப்பிடம் பெருகிவிட்டதால் அந்தக் கோபம் தணிந்திருக்கிறது. ஆனால் குறைந்த சேமிப்பிடத்தோடு வரும் மலிவு போன்களில் அது இன்றும் நியாயமான கோபம்தான்.

இரட்டைச் செயலிகளாவது கண்ணுக்குத் தெரிகின்றன. கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் ஒரு மாற்றம்தான் என் பார்வையில் ஸ்கின்களின் மிகப் பெரிய குற்றம்: பின்னணியில் ஓட வேண்டிய செயலிகளைக் கேட்காமல் நிறுத்திவிடுவது. வீட்டுப் பெரியவர் ஒருவருக்காக, மாத்திரை வேளையை நினைவூட்டும் செயலி ஒன்றை ஒரு நிறுவனத்தின் நடுத்தர போனில் போட்டுக் கொடுத்திருந்தேன். சில நாள் ஒழுங்காக ஒலித்தது. அப்புறம் இரவு நேரத்து நினைவூட்டல் மட்டும் வராமல் போகத் தொடங்கியது. செயலியைத் திறந்தால் எல்லா நேரங்களும் சரியாகப் பதிந்திருந்தன, ஒலியும் முழு அளவில் இருந்தது. காரணம் போனுக்குள் மூன்று வெவ்வேறு இடங்களில் ஒளிந்திருந்தது: செயலி தானாகத் தொடங்குவதற்கான அனுமதி ஓரிடத்தில், பேட்டரிக் கட்டுப்பாடு இன்னோரிடத்தில், அண்மைச் செயலிகள் பட்டியலில் செயலியின் அட்டையை அழுத்திப் பிடித்தால் தெரியும் பூட்டுச் சின்னம் மூன்றாமிடத்தில். மூன்றையும் மாற்றிய பிறகே நினைவூட்டல் முறையாக வந்தது. அடுத்து வந்த பெரிய அப்டேட், பேட்டரிக் கட்டுப்பாட்டைச் சத்தமில்லாமல் பழைய நிலைக்கே கொண்டுபோய்விட்டது. எழுபதைத் தாண்டியவர் இந்த மூன்று இடங்களையும் தேடிக் கண்டுபிடிப்பார் என்று அந்த நிறுவனம் எதிர்பார்த்ததா?

பேட்டரியைச் சேமிப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆண்ட்ராய்டு 6.0 பதிப்பிலேயே, அசையாமல் கிடக்கும் போனில் செயலிகளை அடக்கி வைக்கும் டோஸ் என்ற ஏற்பாட்டைக் கூகுள் கொண்டுவந்தது. 9ஆம் பதிப்பில், ஒரு செயலி எவ்வளவு அடிக்கடி பயன்படுகிறது என்பதைப் பொறுத்து அதற்குச் சலுகைகளை வரையறுக்கும் முறை வந்தது. இவற்றுக்கு எழுதப்பட்ட விதிகள் உண்டு. அலாரம் வைக்கும் செயலி எந்த வழியைப் பயன்படுத்தினால் விடாமல் எழுப்பலாம் என்பது செயலி எழுதுபவருக்குத் தெரியும். பல நிறுவனங்கள் இதன் மேல் தங்கள் சொந்தக் கத்தரியை வைக்கின்றன. அதற்கு எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. பேட்டரி நெடுநேரம் நிற்கிறது என்ற பாராட்டு நிறுவனத்துக்குப் போய்ச்சேர்கிறது. செயலி சரியில்லை என்ற ஒற்றை நட்சத்திரமோ, எங்கோ இருக்கும் செயலி உருவாக்கியவர் தலையில் விழுகிறது. இந்தக் கொடுமையைப் பொறுக்க முடியாமல், எந்தெந்த நிறுவனம் செயலிகளை எப்படிக் கொல்கிறது என்று பட்டியலிட்டு, ‘என் செயலியைக் கொல்லாதே’ என்ற பொருளில் பெயரிட்ட தளம் ஒன்றையே செயலி உருவாக்குவோர் நடத்துகிறார்கள். 2023இல், ஆண்ட்ராய்டு 14க்கென்று முறையாக எழுதப்பட்ட செயலிகளின் முன்னணிச் சேவைகள் (செயலி திரையில் இல்லாதபோதும் அறிவிப்பைக் காட்டியபடி தொடர்ந்து ஓடும் பணிகள்) ஒன் யுஐ 6.0 முதல் குறுக்கீடின்றி இயங்கும் என்று சாம்சங் கூகுளோடு சேர்ந்து உறுதியளித்தது. அந்தப் பட்டியலில் இருந்த ஒரு பெரிய நிறுவனம் இப்படி இறங்கி வந்திருப்பது நல்ல செய்தி. மற்றவர்களும் பின்தொடர்ந்தால் நன்று.

விளம்பரங்களுக்கு வருவோம். ஷாவ்மியின் கதையைத் தெரிந்துகொண்டால் இதன் பொருளாதாரம் விளங்கும். அந்த நிறுவனத்தின் முதல் தயாரிப்பு, 2010 ஆகஸ்டில் வந்த மியுஐ என்ற மென்பொருள்தான்; இன்றைய ஹைப்பர்ஓஎஸ்ஸின் முன்னோடி அது. முதல் போன் ஓராண்டு கழித்தே வந்தது. அந்நாளில் மியுஐ, மற்ற நிறுவனங்களின் போன்களில் ஆர்வலர்கள் விரும்பி ஏற்றிக்கொண்ட ஸ்கின். பயனர்கள் கேட்டதைச் சேர்த்து வாரந்தோறும் புதிய பதிப்பு வரும். 2018 ஏப்ரலில் அதன் நிறுவனர் லெய் ஜூன், வன்பொருளில் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று உறுதிமொழி கொடுத்தார். போனில் லாபம் இல்லையென்றால், போனுக்குள் ஓடும் சேவைகளிலிருந்துதான் அது வந்தாக வேண்டும். கோப்பு மேலாளரிலும் தீம் கடையிலும் பரிந்துரை என்ற பெயரில் விளம்பரம் வந்து உட்கார்வதற்கு இதுவே காரணம். ஷாவ்மி மட்டுமே இதைச் செய்கிறது என்று சொல்லிவிட முடியாது. மலிவு போன்களை விற்கும் பலரும் இதே வழியில்தான் போகிறார்கள். குறைந்த விலையில் நல்ல திரையும் வேகமான சிப்பும் கிடைப்பதற்கு ஈடாகச் சில விளம்பரங்களைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் தெரிந்தே முடிவெடுத்தால், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தெரிந்தே எடுக்க விடுவதில்லை என்பதுதான் குறை. போன் பெட்டியின் மேல் ராமும் கேமராவும் எழுதியிருக்கிறதே தவிர, இந்தப் போனின் கால்குலேட்டரும் கோப்பு மேலாளரும் விளம்பரம் காட்டுமா என்பது எழுதியிருப்பதில்லை.

விளம்பரத்தை நிறுத்தும் வழியும் சில ஸ்கின்களில் வேண்டுமென்றே சுற்றி வளைத்து வைக்கப்பட்டிருக்கிறது. நான் பயன்படுத்திய போன் ஒன்றில், விளம்பரச் சேவையின் அனுமதியை ரத்து செய்யப் போனால் ‘ரத்து செய்’ பொத்தான் மங்கிக் கிடக்கும். நொடிகள் ஒவ்வொன்றாக எண்ணப்பட்டு முடிந்த பிறகே அழுத்த முடியும். அழுத்தினால் இணைப்புப் பிழை என்று திரும்பி வந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணும். அனுமதி கொடுக்கும்போது இப்படிக் காத்திருக்கச் சொன்னதாக நினைவில்லை. வீட்டை விற்றுப் பத்திரமும் எழுதிக் கொடுத்த பிறகு, ஓர் அறையின் சாவியை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டு, அதில் யார் யாரையோ குடிவைக்கும் பழைய உரிமையாளரைப் போன்றது இந்த நடத்தை. வடிவமைப்பு, தனித்துவம், பயனர் அனுபவம் என்று ஸ்கின்களுக்காக நிறுவனங்கள் வைக்கும் வாதங்களில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தாது.

ஸ்டாக் அன்பர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாதம், ஸ்கின் கனமாக இருந்தால் அப்டேட் தாமதமாகும், மெல்லியதாக இருந்தால் உடனே வரும் என்பது. ஒரு காலத்தில் இதில் பாதி உண்மை இருந்தது. புதிய ஆண்ட்ராய்டு வந்ததும், சிப் தயாரிப்பாளர் அதற்கேற்ப, வன்பொருளை இயக்கும் டிரைவர் மென்பொருள்களைத் திருத்தித் தர வேண்டும், அதன் பிறகு போன் நிறுவனம் தன் மாற்றங்களை அதன் மேல் ஏற்ற வேண்டும், பிறகு சோதனைகள். 2017இல் ஆண்ட்ராய்டு 8.0 பதிப்போடு வந்த ட்ரெபிள் திட்டம், வன்பொருளைச் சார்ந்த பகுதியைப் பொது இயங்குதளத்திலிருந்து பிரித்து வைத்ததால் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி தளர்ந்தது. 2019இல் வந்த மெயின்லைன், சில முக்கியப் பகுதிகளைப் பிளே ஸ்டோர் வழியாகவே புதுப்பிக்கும்படி செய்தது. பாதுகாப்புத் திருத்தங்களை 2015 முதல் கூகுள் மாதந்தோறும் வெளியிட்டு, அவற்றை நிறுவனங்களுக்கு முன்கூட்டியே கொடுத்தும் வந்திருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் அப்டேட் வரவில்லையென்றால், காரணம் ஸ்கின்னின் கனம் இல்லை. அதற்கு ஆள் வைத்துச் செலவு செய்ய நிறுவனத்துக்கு மனம் இல்லை என்பதே காரணம்.

இதற்குச் சான்று வேண்டுமென்றால் சாம்சங்கையும் மோட்டோரோலாவையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஸ்கின்களிலேயே கனமானவற்றுள் ஒன்று ஒன் யுஐ. 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 வரிசைக்குச் சாம்சங் ஏழு ஆண்டு அப்டேட் உறுதி கொடுத்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2023 அக்டோபரில், பிக்சல் 8 வரிசைக்குக் கூகுளும் அதே ஏழு ஆண்டுகளைக் கொடுத்திருந்தது. ஆண்ட்ராய்டை அதிகம் தொடாத மோட்டோரோலாவோ, தன் பல மாடல்களுக்கு இவற்றைவிட மிகக் குறைந்த ஆண்டுகளையே தந்து வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், ஒரு மாடலின் விற்பனை நிறுத்தப்பட்ட பிறகும் ஐந்தாண்டுகள் என்ற அளவை இதற்கு வைத்திருக்கின்றன. விற்பனை தொடங்கிய நாளிலிருந்து எண்ணாமல், விற்பனை முடிந்த நாளிலிருந்து எண்ணுவது மிகவும் சரி. தள்ளுபடியில் கடைசியாக வாங்கியவரும் போனுக்குக் காசு கொடுத்தவர்தானே.

அப்டேட் பற்றிக் குறை சொன்ன அதே மோட்டோரோலாவை இன்னொன்றுக்காகப் பாராட்டியே ஆக வேண்டும். போனைக் கையில் பிடித்துக் கத்தியால் வெட்டுவதுபோல் இருமுறை வீசினால் டார்ச் எரியும். மணிக்கட்டை இருமுறை திருப்பினால் கேமரா திறக்கும். திரையைப் பார்க்க வேண்டாம், பூட்டைத் திறக்க வேண்டாம். பழகிவிட்ட பிறகு வேறு போனைக் கையில் எடுத்தாலும் இருட்டில் கை தானாக வீசிப் பார்க்கும். நிறத்தையோ ஐகானையோ தொடாமல், இடையில் இன்னொரு கடையையோ கணக்கையோ நுழைக்காமல், செட்டிங்ஸில் ஒரு பொத்தானால் நிறுத்திவிடக்கூடிய மாற்றம் இது. நத்திங் ஓஎஸ் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. புள்ளிகளால் ஆன எழுத்துகள், ஒரே நிறத்து ஐகான்கள் என்று தோற்றத்தைத்தான் மாற்றுகிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே நிறமாக்கப்பட்ட ஐகான்களுக்கிடையே வேண்டிய செயலியைக் கண் தேடித் தடுமாறும்போது, அழகுக்காக அடையாளத்தைக் கொடுத்துவிட்டோமோ என்று தோன்றாமல் இல்லை.

ஆக்சிஜன்ஓஎஸ் பற்றி எழுதும்போது சற்று வருத்தத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. 2014இல் ஒன்பிளஸின் முதல் போன் சயனோஜன்மாட் என்ற வெளியார் மென்பொருளோடு வந்து, அடுத்த ஆண்டு ஆக்சிஜன்ஓஎஸ் பிறந்தபோது, ஸ்டாக் ஆண்ட்ராய்டின் எளிமையும் தேவையான சில கூடுதல்களும் சேர்ந்த ஸ்கின் என்று அதற்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்காகவே அந்தப் போனை வாங்கியவர்கள் ஏராளம். 2021இல் அதன் அடித்தள நிரலை ஓப்போவின் கலர்ஓஎஸ் நிரலோடு இணைக்கும் முடிவு வந்தது. நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம் உண்டு: இரண்டு நிரல்களைத் தனித்தனியாகப் பராமரிப்பதைவிட ஒன்றைப் பராமரிப்பது எளிது, அப்டேட்டும் ஒழுங்காக வரும். வாங்கியவர் பக்கத்திலிருந்து பார்த்தால், தேர்ந்தெடுத்து வாங்கிய மென்பொருள் ஓர் அப்டேட்டில் வேறொன்றாக மாறிவிட்டது. இன்றைய ஆக்சிஜன்ஓஎஸ் மோசமான ஸ்கின் இல்லை. வேகத்தில் இன்னும் முன்வரிசையில்தான் நிற்கிறது. ஆனால் மென்பொருளின் குணத்தை நம்பிப் போன் வாங்குவோருக்கு, அந்தக் குணம் எத்தனை ஆண்டு நிலைக்கும் என்று எந்தப் பெட்டியிலும் எழுதியிருப்பதில்லை.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அறிவிப்புகளை ஒரு பக்கமும் பொத்தான்களை மறு பக்கமும் பிரித்து வைத்து, ஐபோனின் சாயலைக் கொண்டுவருவதில் பல நிறுவனங்கள் போட்டி போடுகின்றன. நிறுத்திக்கொள்ள வழி இருக்கும்வரை அது அவரவர் ரசனை. பழக்கத்தைக் குலைக்கும் மாற்றங்கள்தான் நிஜமான தொல்லை. திரையின் கீழே இருக்கும் மூன்று பொத்தான்களில் ‘பின்செல்’ பொத்தானைச் சாம்சங் ஆண்டுக்கணக்கில் வலப்பக்கம் வைத்தது, கூகுள் இடப்பக்கம் வைத்தது. பிராண்ட் மாறியவர்கள் வாரக்கணக்கில் தவறான இடத்தை அழுத்திக்கொண்டிருந்ததைத் தவிர இந்த வேறுபாட்டால் யாருக்கு என்ன லாபம் என்பது இன்றுவரை விளங்காத ஒன்று. இதற்காக எல்லோரும் ஒரே முகத்தோடு விற்க வேண்டும் என்று சட்டம் போட்டாலும் சரிவராது. 2010இல் வந்த விண்டோஸ் போனில் இடைமுகத்தைத் தொட நிறுவனங்களுக்கு அனுமதி கிடையாது. யார் தயாரித்தாலும் திரை ஒரே மாதிரிதான். அழகான, வேகமான இயங்குதளம் அது. வீழ்ந்ததற்குச் செயலிகளின் பற்றாக்குறை முதலிய பெரிய காரணங்கள் வேறு இருந்தன. ஆனால் தன் போனை மற்றதிலிருந்து வேறுபடுத்திக்காட்ட வழியில்லாத நிறுவனம் அந்தப் போனுக்காக முழு மூச்சாக உழைக்கவும் காரணம் குறைவு.

ஆகவே, வாங்கப் போகிறவருக்கு என் பரிந்துரை இது. போனை நெடுங்காலம் வைத்திருப்பவர், வசதிகளைத் தோண்டித் துருவிப் பயன்படுத்துபவர் ஒன் யுஐ உள்ள, ஏழு ஆண்டு உறுதியுள்ள மாடலை எடுக்கலாம். முதல் நாள் மாலையை இரட்டைச் செயலிகளை முடக்குவதற்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். எதையும் மாற்றாமல், எடுத்ததும் பயன்படுத்த விரும்புபவருக்கு பிக்சல் பொருந்தும். ஹைப்பர்ஓஎஸ் வன்பொருளுக்காக மட்டுமே வாங்கத் தக்கது. விளம்பரப் பரிந்துரைகளை ஒவ்வொரு செயலியிலும் தனித்தனியாக நிறுத்தும் பொறுமை உள்ளவர் மட்டும் வாங்கட்டும். வீட்டுப் பெரியவருக்கு வாங்குவதானால் எந்த ஸ்கின் என்றாலும், கடையிலேயே செட்டிங்ஸைத் திறந்து, ஒரு செயலியின் பேட்டரிக் கட்டுப்பாட்டை எத்தனை தொடுதலில் நீக்க முடிகிறது என்று பாருங்கள், கோப்பு மேலாளரைத் திறந்து விளம்பரம் வருகிறதா என்று பாருங்கள். அந்த மாடலுக்கு அப்டேட் எந்த ஆண்டுவரை என்று கேட்டு, விற்பனையாளர் சொல்வதை நம்பாமல் நிறுவனத்தின் தளத்திலேயே ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.